வெறும் தண்ணீரில் சீனி

நன்றாகக் கழுவிய கண்ணாடியில் தண்ணீர் துளித்துளியாக நிற்காது. ஒரே விரிப்பாகப் பரவி வழிந்து இறங்கிவிடும். எங்கேயாவது ஒரு துளி ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் எண்ணெயோ அழுக்கோ இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கழுவிக் கழுவி நானே கண்டது. பிறகு ஒருநாள் ஆய்வுகூடத்து மிஸ் புத்தகத்தைப் பார்த்து இதையே வாசித்துக் காட்டியபோது, பாத்திரம் கழுவுகிற பேசினடியில் நின்ற நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். புத்தகம் எழுதினவரும் எங்கேயோ கிளாஸ் கழுவியிருக்கிறார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் வேலையில் எனக்கு மேல் ஒருவரும் இல்லை என்பதை இப்போதும் சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையும் இருக்கிறது, அது வேறு.

முதலில் கழுவியது தேநீர்க் கிளாஸ்கள். கிண்ணியாவுக்குப் பாலம் போடுவதற்கு முன் ஆட்களும் சைக்கிள்களும் பெரிய மிதவைப் படகில்தான் அக்கரைக்குப் போய் வந்தன. அந்தத் துறையடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. மனுசன் கண்ணை மூடியபின் நான் வெருகல் பக்கத்திலிருந்து டவுனுக்கு வந்து அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். படகு வந்து தட்டினால் ஒரே நேரத்தில் அவ்வளவு பேரும் தேநீர் கேட்பார்கள். படகு திரும்ப வெளிக்கிடுவதற்குள் குடித்த கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்து, மறுபடியும் எடுத்து நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கினால் சரிவராது. வலது கையின் நாலு விரலையும் நாலு கிளாசுக்குள் விட்டு இறுக்கினால் ஒரே தூக்கில் நாலு. இடது கையில் இன்னும் நாலு. எட்டையும் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஒன்றுகூட விழுந்தது கிடையாது.

“பிள்ளை, உன்ர விரலில என்ன பசையே பூசியிருக்கிறாய்?” என்று முதலாளி கேட்பார்.

பாலம் வந்தது. படகு நின்றது. படகு நின்றால் கடைக்கு என்ன வேலை? அதன்பிறகுதான் இந்த ஆய்வுகூடத்துக்கு வந்தேன். ஓர்ஸ் ஹில் ஏறுகிற வழியில் இருக்கிற பழைய கட்டிடம். பேசினுக்கு மேலே ஒரு ஜன்னல். திறந்தால் உள் துறைமுகமும் அதில் நிற்கிற கப்பல்களும் தெரியும். கிளாஸ் போய் பீக்கர் வந்தது, அவ்வளவுதான். பீக்கர் என்பது மூக்கு வைத்த கிளாஸ். சின்னன் பெரிசு எல்லாம் இருந்தன. சின்னது ஒரு கோழிமுட்டை கொள்ளும். அந்தச் சின்னப் பீக்கர்களுக்கு என் விரல்கள் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தின.

அங்கே மூன்று பேரோடுதான் எனக்குப் புழக்கம். ஒருவர் சேர், ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர், சத்தம் போடாத மனிதர். இன்னொருவன் மெசின்களைத் திருத்துகிற டெக்னீஷியன். வாய் ஓயாதவன். என்னை ஆச்சி என்று கூப்பிடுவான். அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்றாவது மிஸ். ஆராய்ச்சி செய்கிற பிள்ளை, கிண்ணியாவிலிருந்து தினமும் பாலத்தால் பஸ்ஸில் வருவார். என் மகளாக இருக்கக்கூடிய வயது. என்றாலும் நான் மிஸ் என்றுதான் சொல்வேன். அவர் என்னை அம்மா என்பார்.

மிஸ்ஸின் வேலையை நான் அறிந்தது ஒரு பிழையால். ஒருநாள் அவர் மேசையில் நகத்தளவான செம்புத் துண்டுகள் நாலைந்து கிடந்தன. எல்லாம் கரிப்பிடித்துக் கறுத்துப்போய், தொட்டால் வெல்வெட் மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்தேன்.

“மிஸ், செம்பை ஏன் இப்பிடிக் கேவலமா வச்சிருக்கிறியள்? கொஞ்சம் புளி தாங்கோ, அம்மன் கோயில் குத்துவிளக்கு மாதிரி ஆக்கித் தாறன்.”

மிஸ் பாய்ந்து வந்து அதைப் பறித்தார். “அல்லாவே! தேச்சிராதீங்கம்மா. அந்தக் கறுப்புலதான் என்ட முழு உழைப்பும் இருக்கு.”

பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு என்னையும் உட்காரச் சொல்லி விளங்கப்படுத்தினார். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது அவருக்குத் தெரியும்.

“கிளினிக்கில விரலைக் குத்தி ஒரு அட்டையில ரத்தம் வைக்கிறாங்கதானே. அந்த அட்டையில நொதியம் எண்டு ஒண்டு பூசியிருக்கு. அது உயிர்ச் சாமான் மாதிரி. வெக்கை பட்டா, மூடி திறந்து கிடந்தா, நாள் போனா, பழுதாயிரும். பழுதானாலும் ஏதோ ஒரு கணக்குக் காட்டும். பொய்க் கணக்கு.”

அது எனக்குத் தெரிந்த கதைதான். வெருகலில் இருக்கிற என் தங்கைக்கும் சீனி. தன் மகன் வாங்கிக் கொடுத்த அட்டைப் போத்தலை அவள் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரித் தலைப்பில் வைத்திருந்தாள். மாதக்கணக்காக அது நல்ல கணக்குக் காட்டியது. அவளும் சந்தோஷமாகச் சோறு சாப்பிட்டாள். காலில் புண் வந்தபிறகுதான் அது காட்டியதெல்லாம் பொய் என்று தெரிந்தது.

“நான் செய்யிறதுல நொதியமே இல்ல,” என்றார் மிஸ். “வெறும் உலோகம். சீனி வந்து அதுல பட்டா மின்சாரம் கொஞ்சம் கூடும். கூடினது எவ்வளவு எண்டு பாத்தாச் சீனி எவ்வளவு எண்டு தெரியும். உலோகம் வெக்கையில அழுகாதுதானே.”

அந்தச் செம்பு கறுக்கிற விதத்தையும் காட்டினார். மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர், அதில் கொஞ்சம் அமிலம். உள்ளே செம்புத் துண்டைத் தொங்கவிட்டுக் கரண்டைப் பலமாகக் கொடுத்தால் குமிழி பொங்கிக்கொண்டு வரும். குமிழி வருகிற இடத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றிப் புதுச் செம்பு படியும். எடுத்துப் பார்த்தால் ஆப்பத்தின் நடு மாதிரி, கண் கண்ணாக ஓட்டை. ஓட்டைக்குள் ஓட்டை. நகத்தளவு துண்டுக்குள் ஒரு பாய் விரிக்கிற இடம் மடிந்து கிடக்கிறதாம். இடம் கூடினால் சீனி வந்து தொடுவதும் கூடும், மின்சாரமும் கூடும். மிச்ச வேலை நேரானது. சின்னப் பீக்கரில் கோஸ்டிக் சோடாக் கரைசல், அதற்குள் அந்தச் செம்பு, செம்பிலிருந்து கம்பி, கம்பியின் முடிவில் கம்ப்யூட்டர். திரையில் ஒரு கோடு ஓடும். சீனித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் கோடு ஒரு படி ஏறும். இன்னொரு சொட்டு, இன்னொரு படி. எனக்கு அதைப் பார்ப்பதில் அலுப்பே வராது.

சீனி விடாத பீக்கரும் ஒவ்வொரு முறையும் இருக்கும். அதை ‘வெறுமை’ என்பார்கள். வெறுமையில் கோடு ஏறக்கூடாது. தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரியாத கருவியை யார் நம்புவார்கள்?

அங்கேதான் சிக்கல் வந்தது. வெறுமை ஏறியது.

எல்லா நாளும் இல்லை. எல்லா நேரமும் இல்லை. மிஸ் காலை ஒன்பதுக்கு ஒரு வரிசை பீக்கர்களில் அளப்பார். பதினொன்றுக்கு இன்னொரு வரிசை. ஒன்பது மணி வரிசை ஒழுங்கு. பதினொரு மணி வரிசையில் வெறுமைப் பீக்கரிலேயே சீனி இருக்கிறது என்று கோடு காட்டும். மற்றதுகளிலும் இருக்க வேண்டியதைவிடக் கூடக் காட்டும். பிழையான வெறுமையை மிஸ் தன் தாளில் சிவப்பு வட்டம் போட்டுக் குறித்தார். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார். நாளுக்கு நாள் சிவப்பு கூடியது. மிஸ்ஸின் முகம் சுருங்கியது.

அவருக்கு முதலில் துறைமுகக் காற்றில் சந்தேகம். உப்பு சில உலோகங்களுக்கு ஆகாது என்று சொல்லி ஜன்னலைப் பூட்டினார். வேர்த்து ஒழுகினோம். சிவப்பு குறையவில்லை. பிறகு கோஸ்டிக் போத்தலை மாற்றினார். பிறகு வடித்த தண்ணீரைத் திரும்ப வடித்தார். பிறகு செம்பையே புதிதாகச் செய்தார். பாவம், நாலு நாளாக அந்த நீலத் தண்ணீரோடு கிடந்தார். பதினொரு மணி வந்தால் வெறுமை ஏறியது.

கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்து வேலையைப் பார்ப்பதாகக் கடிதம் வந்திருந்தது. வருகிற நாள் அடுத்த வாரப் புதன்கிழமை. வெறும் தண்ணீரில் சீனி காட்டுகிற கருவி என்றால் அவர்கள் கதிரையில் அமராமலே திரும்பிவிடுவார்கள் என்று மிஸ் சொன்னார்.

அந்தப் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை நான் பீக்கர் கவிழ்க்கிற தட்டத்தைத் துடைத்துக்கொண்டு நிற்க, பக்கத்து அறையில் சேர் கதைப்பது கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது. ஒளித்துக் கேட்கவில்லை.

“மற்றதெல்லாம் மாத்திப் பாத்தாச்சு. மிச்சம் கழுவல்தான். பிளாஸ்டிக் கப் எடுப்பம். ஒருக்காப் பாவிச்சு எறியிறது. திங்கக்கிழமை வந்துரும்.”

“அப்ப அம்மா?” இது மிஸ்.

“அவவுக்கும் வயசு போட்டுது. கண்ணும் மங்கியிருக்கும். வீட்டில ஆறுதலா இருக்கட்டும். நான் பக்குவமாச் சொல்லுறன்.”

எனக்குக் காது சூடேறியது. வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது, ஒரு ரேடியோவும் ஒரு முருங்கை மரமும். அதைவிடப் பெரியது, கழுவல் பிழை என்று என்னைப் பார்த்து ஒரு சொல். துடைத்த தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே உள்ளே போனேன்.

“சேர், பக்குவம் தேவையில்ல. எனக்குக் கேட்டுட்டுது. என்ர பீக்கர் ஒண்டை எடுத்துத் தண்ணி ஊத்துங்கோ. ஒரு துளி நிண்டாலும் நான் இண்டைக்கே போறன்.”

சேர் எழுந்து, தானே ஒன்றை எடுத்து, ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் விரிந்து வழிந்தது.

“துளி நிக்கேல்ல அம்மா,” என்றார். “ஆனாச் சீனி நிக்குதே. அதுக்கு என்ன சொல்லுறியள்?”

“திங்கக்கிழமை சொல்லுறன்.”

என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னேன். சொன்னபின் கண்டுபிடித்துத்தானே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒரு களவைச் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு எங்களுக்குத் தேநீர். ஊரில் எல்லோரும் குடிக்கிற மாதிரி வெறும் தேநீரைக் கிளாசில் எடுத்து, இனிப்பைத் தனியே கையில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பதுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். சீனி என்றால் உள்ளங்கையில் வைத்து நக்குவது. பனங்கட்டி என்றால் கடிப்பது. சீனி வருத்தம் வந்தபின் இனிப்பை விட்டுவிட்டேன் என்று கிளினிக்கிலும் சொன்னேன், ஆய்வுகூடத்திலும் சொன்னேன்.

“என்ன ஆச்சி, இண்டைக்கும் சும்மா தேத்தண்ணியோ?” என்று டெக்னீஷியன் கேட்பான்.

நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

“சரி, அம்மா. சும்மா தேத்தண்ணியோ?”

“ஓம். நான் இனிப்பை விட்டு ரெண்டு வருசம்.”

“பிறகேன் கிளினிக்கில குறையுதில்லையாம்?”

“அது அவையின்ர மெசினில பிழை.”

சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போவேன். கடல் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரும் நினைப்பார்கள். கடலும் பார்ப்பேன். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த பனங்கட்டியை அவிழ்த்து ஒரு துண்டைக் கடிப்பேன். பனங்கட்டியைச் சீனி என்று சொல்ல என் மனம் ஒருநாளும் ஒப்பியதில்லை. சீனி ஆலையில் வெளுப்பாக்கி எடுக்கிற சாமான். பனங்கட்டி மரத்திலிருந்து வருகிறது, மருந்துக்குச் சேர்க்கிறோம். இப்படி எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஆகவே நான் சொன்னது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை என்று ஒரு நடுவில் நின்றது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி எனக்கு விரதம். பின்னேரம் கோயிலுக்குப் போய் வரும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். பத்து மணிக்கு டெக்னீஷியன் தேநீரோடு வந்தான், நான் வேண்டாமென்று கை காட்டினேன். பதினொன்றுக்குக் காய்ந்த பீக்கர்களைப் பொறுக்கி மிஸ்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மிஸ் அளந்தார். வெறுமை தரையோடு கிடந்தது.

“பாருங்க, இண்டைக்குச் சரி!” என்று மிஸ் எழும்பிவிட்டார். பிறகு சுவரில் இருந்த தாளைப் போய்ப் பார்த்தார். விரல் வைத்து ஒவ்வொரு நாளாகத் தடவினார். “போன வெள்ளியும் சரி. அதுக்கு முந்தின வெள்ளியும் சரி. மற்ற எல்லா நாளும் சிவப்பு. இது என்ன புதினம்?”

டெக்னீஷியனுக்கு உடனே ஒரு விளக்கம் இருந்தது. “இண்டைக்கு ஜும்மா எல்லோ. பக்கத்து மர ஆலைக்காரர் வெள்ளிக்கிழமை வேளைக்கே மெசினை நிப்பாட்டிப் போடுவினம். அதால கரண்ட் சீராயிருக்கு.”

“மர ஆலை ஒம்பது மணிக்கும் ஓடுதுதானே, மற்ற நாளில,” என்றார் மிஸ். “ஒம்பது மணி வரிசை ஒருநாளும் பிழையா வரலயே.”

அவன் தலையைச் சொறிந்தான். “அப்பச் சரி. வெள்ளிக்கிழமையில கருவியும் விரதம். எங்கட அம்மாவைப் போல.”

மிஸ் சிரித்தார். அவனும் சிரித்தான். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

பேசினடிக்குப் போய் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தேன். காலையில் முதல் வரிசையைப் பொறுக்கும்போது நான் இன்னும் ஒன்றும் வாயில் வைப்பதில்லை. இரண்டாம் வரிசையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பத்து மணிக்குப் போவேன். அது காய, நான் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நிற்பேன். திரும்பி வந்து, காய்ந்த பீக்கருக்குள் நாலு விரலையும் விட்டு இறுக்கித் தூக்குவேன். பனங்கட்டி பிடித்த விரல். கை கழுவுவேனா? இல்லை. சேலையில் துடைப்பேன். விடிந்ததிலிருந்து தண்ணீருக்குள் ஊறிக் கிடக்கிற கைக்கு வேறு தனியாக ஒரு கழுவலா என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைக் கழுவினேன், தண்ணீரை வடியவிட்டேன், தட்டத்தைத் துடைத்தேன். கழுவாமல் விட்டது இந்த எட்டு விரலை.

சனியும் ஞாயிறும் எனக்கு நன்றாகப் போகவில்லை. இதை ஒருவருக்கும் தெரியாமல் சரிப்படுத்துவது வெகு லேசு. திங்கட்கிழமை கையைக் கழுவிவிட்டுப் பொறுக்கினால் சிவப்பு நின்றுவிடும். என் பேச்சும் மிஞ்சும், பேசினும் மிஞ்சும். ஆனால் பிழை ஏன் வந்தது, ஏன் போனது என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. தெரியாமல் போன பிழை திரும்பி வரும் என்று அவர் பயந்துகொண்டே இருப்பார். வருகிறவர்கள் இந்தச் சிவப்பெல்லாம் என்ன என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? முருங்கைக்கீரை ஆய்ந்தபடி இரண்டு நாளும் இதையே யோசித்தேன். கடைசியில், பிழையை மறைக்கிறவள் கழுவல்காரி இல்லை என்று முடிவெடுத்தேன்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் வழக்கம் போலச் செய்தேன். பத்து மணிக்குத் தேநீர், தாங்கிக்குப் பின்னால் பனங்கட்டி, சேலையில் துடைப்பு. பிறகு நாலு பீக்கரை என் வழக்கப்படி விரல் விட்டுத் தூக்கி வைத்தேன். அதன்பின் கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவி, வடித்த தண்ணீரால் அலசி, உலர விட்டு, வேறு நாலு பீக்கரை வெளிப்பக்கத்தில் பிடித்துத் தூக்கி வைத்தேன். முதல் நாலுக்கும் அடியில் ஒரு சிவப்பு நூல் துண்டு.

“மிஸ், இந்த எட்டிலயும் சீனி விடாதேங்கோ. எட்டும் வெறுமை. அளந்து பாருங்கோ.”

“ஏம்மா?”

“அளந்துபோட்டுக் கேளுங்கோ.”

அவர் அளந்தார். சேரும் வந்து பின்னால் நின்றார். கையில் பிளாஸ்டிக் கப் பெட்டி. டெக்னீஷியன் அவருக்குப் பின்னால். நூல் இல்லாத நாலும் தரையோடு கிடந்தன. நூல் வைத்த நாலும் ஏறின. ஒன்று மற்ற மூன்றைவிட உயரம். அது பெருவிரலுக்குப் பக்கத்து விரல் போன பீக்கர், அந்த விரலால்தான் பனங்கட்டியை அழுத்திப் பிடிப்பது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலைப்பு முடிச்சை அவிழ்த்து மிச்சத் துண்டை மேசையில் வைத்தேன்.

“இதுதான் சிவப்பு வட்டம். தேத்தண்ணியோட கடிக்கிறனான். கடிச்ச கையோட பீக்கரைத் தூக்கினனான். கழுவினதில பிழை இல்ல சேர். தூக்கினதில பிழை.”

டெக்னீஷியன்தான் முதலில் வாய் திறந்தான். “அம்மா, ரெண்டு வருசமா இனிப்பை விட்டது?”

“சீனியைத்தான் விட்டனான். பனங்கட்டியைப் பற்றி நீ கேக்கேல்ல.”

“ஐயோ, கிளினிக் மெசின் பாவம். அதைப் போட்டு இவ்வளவு நாளும் ஏசினியள்!”

சேர்கூடச் சிரித்துவிட்டார். மிஸ் சிரிக்கவில்லை. பனங்கட்டித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓடிப்போய், ஒத்துப்பார்க்க வாங்கி வைத்திருந்த கிளினிக் அட்டை ஒன்றையும் அதன் சின்ன மெசினையும் எடுத்து வந்தார். பனங்கட்டியில் ஒரு பொடி எடுத்துக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, அந்த அட்டையில் தொட்டு வைத்தார். மெசின் சும்மா ஏதோ சின்னக் கணக்குக் காட்டியது. அதே தண்ணீரில் ஒரு சொட்டைத் தன் பீக்கருக்குள் விட்டார். கோடு பெரிய படியாக ஏறியது.

“நொதியம் குளுக்கோசை மட்டும்தான் அடையாளம் காணும்,” என்றார் மெதுவாக. “பனங்கட்டியில குளுக்கோசு கொஞ்சம்தான். மிச்சம் வேற சீனி. என்ட செம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இனிப்பு எது வந்தாலும் ஏறும்.”

எனக்கு விளங்கியது. நொதியம் என்பது கலியாண வீட்டு வாசலில் நின்று அழைப்புக் கார்ட் பார்த்து உள்ளே விடுகிற ஆள். செம்பு, வருகிற எல்லோரையும் வாங்கோ வாங்கோ என்று பந்தியில் இருத்துகிற ஆள். செம்பின் குணம் நல்ல குணம்தான். ஆனால் எத்தனை பேர் நம்முடைய சொந்தம் என்று எண்ணப் போனால் தடுமாறும்.

மிஸ் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். ‘கையாளும்போது ஏற்பட்ட மாசு’ என்று எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“மிஸ், மாசு எண்டால் என்ன மாசு?”

“அது பொதுவா எழுதுறதும்மா. உங்களைக் குறை சொல்லாம.”

“பொதுவா எழுதினால் வாசிக்கிறவைக்கு என்ன விளங்கும்? பனங்கட்டி எண்டு எழுதுங்கோ. கழுவுற ஆளின்ர விரலில இருந்தது எண்டு எழுதுங்கோ. எனக்கு வெக்கமில்ல.”

வெட்கம் இருந்தது. என்றாலும் எழுதச் செய்தேன்.

புதன்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் பெரியவர் என்று நடையிலேயே தெரிந்தது. சுவரில் இருந்த சிவப்பு வட்டங்களைக் கண்டதும் நேரே அங்கேதான் போனார். மிஸ் பின்னாலேயே போனார். கொப்பியைக் கொடுத்தார். அந்த அம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“பனங்கட்டியா?”

“ஓம், மெடம்,” என்றார் மிஸ். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். எட்டு பீக்கர்களில் மறுபடியும் அளந்து காட்டினார். இந்த முறை எட்டும் கழுவிய கை. எட்டும் தரையோடு கிடந்தன.

“அப்ப உங்கட கருவிக்கு ரத்தச் சீனியும் பனங்கட்டியும் ஒண்டுதான்.”

“இப்போதைக்கு ஒண்டுதான். மறைக்கல. ஆனாப் பனங்கட்டி அப்படியே ரத்தத்துக்குள்ள வராது, வயிறு அதைப் பிரிச்சுத்தான் அனுப்பும். விரல்லதான் நிக்கும். குத்துறதுக்கு முதல்ல விரலைக் கழுவணும். அதோட செம்புக்கு மேல ஒரு மெல்லிசு மறைப்புப் போட்டு மற்றதுகளைத் தடுக்கலாமா எண்டு பாக்கணும். அதுதான் அடுத்த வேலை.”

அந்த அம்மா தலையாட்டினார். “இந்தப் பிழையைக் கண்டுபிடிச்சது யார்?”

மிஸ் என்னைக் காட்டினார். நான் பேசினடியில் நின்றேன்.

“பிழை விட்டதும் நான்தான், பிடிச்சதும் நான்தான்,” என்றேன். “ரெண்டையும் எழுதுங்கோ.”

அவர் கொப்பியில் ஏதோ எழுதினார். பிறகு சேரிடம், “இந்த அறைக்குப் பிளாஸ்டிக் தேவையில்ல,” என்றார். “ஆனாக் கழுவின சாமானை யார் எப்பிடித் தொடுறது எண்டு ஒரு ஒழுங்கு வேணும். இவவைக் கேட்டு எழுதுங்கோ.”

அவர்கள் போனபின் மிஸ் பேனையோடு வந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். காய்ந்த பீக்கரை வெளிப்பக்கத்தில் பிடிக்க வேண்டும். சாப்பிட்ட கை, குடித்த கை, தலை தடவிய கை ஒன்றும் தட்டத்தின் பக்கம் வரக்கூடாது. தேநீர் குடித்தால் சவர்க்காரம். இது எனக்கும் சேர்த்து. கிளினிக்குக்குப் போகிற நாளில் நேர்சிடம் பனங்கட்டிக் கதையைச் சொல்வேன் என்று மிஸ் வேறு என்னிடம் சத்தியம் வாங்கினார். அது கொப்பியில் இல்லை. அடுத்த மாதம் போய்ச் சொன்னேன். நன்றாக ஏச்சு வாங்கினேன்.

ஒழுங்கை எழுதி ஒட்டிய பசை காயமுன், சேர் உள்ளே வந்தார். வந்தவர்களுக்கு வாங்கிய கேக்கில் மிச்சம் ஒரு துண்டைச் சாப்பிட்டு முடித்துக்கொண்டே வந்தார். மிஸ்ஸின் வெற்றியைத் தானும் ஒருதரம் பார்க்க ஆசை. தட்டத்திலிருந்து ஒரு பீக்கரை எடுக்கக் கையை நீட்டினார்.

“சேர்,” என்றேன். “கை.”

சேர் தன் விரல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

“சவர்க்காரம் வலப்பக்கம் இருக்கு,” என்றேன்.